ஹைதராபாத் வாத்தியார் சேர்த்த பதினோரு பேர்

கொஞ்சம் நீளமான பதிவு. வேலை இருப்பவர்கள் முடித்துவிட்டு வந்து படியுங்கள்.

ஆசிய விளையாட்டுப் போட்டியில் கால்பந்துக்கு இந்தியா இரண்டு முறை தங்கம் வாங்கியிருக்கிறது. 1951-இல் டெல்லியில், 1962-இல் ஜகார்த்தாவில். இரண்டு முறையும் அணியைத் தயார் செய்தவர் ஒரே ஆள்: சையத் அப்துல் ரஹீம். ஹைதராபாத்காரர். தொழில் பள்ளிக்கூட வாத்தியார். இந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். 2024-இல் 'மைதான்' என்று இந்தியில் படம் வந்து, அஜய் தேவ்கன் நடித்து, நம் ஏ.ஆர். ரஹ்மான் இசையும் போட்டதால் பெயர் பலருக்குத் தெரிந்துவிட்டது. சினிமா என்றால் கடைசி ஆட்டம்தான் பெரிதாகத் தெரியும், அதில் தப்பில்லை. ஆனால் ஜகார்த்தாவில் விழுந்த இரண்டு கோலுக்கும் விதை போட்டது அதற்கு இருபது வருஷம் முன்னால். அந்த இருபது வருஷத்தைப் பற்றித்தான் எனக்குப் பேச ஆசை.

முதலில் ஒரு சின்ன விலகல். ஒரு அணிக்கு ஆள் சேர்ப்பது எப்படி? ஐ.பி.எல். பார்த்துப் பழகிய நம் பிள்ளைகள் 'ஏலம்' என்பார்கள். கையில் காசு இருப்பவன் எடுத்துக்கொள்வான். அமெரிக்காவில் வேறு மாதிரி. அங்கே ஃபுட்பால் என்றால் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். அதில் 1936-லிருந்து 'டிராஃப்ட்' என்று ஒரு ஏற்பாடு. கல்லூரி முடித்து வரும் பையன்களை அணிகள் வரிசையாக ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும். போன வருஷம் கடைசியில் நின்ற அணிக்குத்தான் முதல் வாய்ப்பு. பணக்கார அணியே எல்லாரையும் அள்ளிக்கொண்டு போகக் கூடாதென்று பிலடெல்பியா அணியின் முதலாளி பெர்ட் பெல் கொண்டுவந்த யோசனை. வேடிக்கை என்னவென்றால், அந்த முதல் டிராஃப்டில் முதலாவதாகத் தேர்வான பையன் ஜே பெர்வாங்கர் அந்தப் பெரிய லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஆளைப் பார்த்துப் பொறுக்குவது அவ்வளவு நிச்சயமில்லாத வேலை. அதனால்தான் அங்கே ஒவ்வொரு அணிக்கும் ஒரு மேலாளர், அவருக்குக் கீழே ஊர் ஊராகச் சுற்றிப் பையன்களைப் பார்த்துக் குறிப்பெழுதும் ஆட்கள் என்று ஒரு பெரிய அலுவலகமே நடக்கிறது. இங்கே 2014-இல் ஐ.எஸ்.எல். ஆரம்பித்தபோதும் இந்திய வீரர்களை இந்த டிராஃப்ட் முறையில்தான் அணிகள் பிரித்துக்கொண்டன.

ரஹீமுக்கு இந்த அலுவலகம் எதுவும் கிடையாது. அவர் கையில் இருந்தது ஒரு சைக்கிள் ஊர், சில பள்ளிக்கூட மைதானங்கள், ஒரு சங்கத்தின் செயலாளர் நாற்காலி. அவ்வளவுதான்.

1909-இல் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். அங்கே கால்பந்தும் ஆடினார். பிறகு காச்சிகுடா நடுநிலைப் பள்ளி, சாதர்காட் உயர்நிலைப் பள்ளி என்று சில பள்ளிகளில் வேலை. நடுவில் உடற்கல்வியில் டிப்ளமாவும் முடித்தார். 1943-இல் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளரானார்; சாகும்வரை அந்தப் பதவியில் இருந்தார். நிஜாம் ஆட்சிக் காலம் அது. பெரிய கால்பந்து என்றால் கல்கத்தா என்றிருந்த நாள்கள். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் - இவற்றுக்கு எதிரே தக்காணத்தில் ஒரு ஊர் என்ன செய்ய முடியும்?

செயலாளர் என்றால் நம் ஊரில் கோப்பை வழங்கும்போது மேடையில் பொன்னாடை போர்த்திக்கொண்டு நிற்பவர் என்று நினைவு வரும். ரஹீம் அந்த நாற்காலியை வேறு விதமாகப் பயன்படுத்தினார். போட்டிகளின் விதியை மாற்றினார். பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு வெட்டி வெட்டி ஓடக் கூடாது, வந்ததும் தட்டி அடுத்தவனுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு போட்டி. பலமில்லாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்று இன்னொரு போட்டி. வலதுகால்காரன் இடது காலாலும், இடதுகால்காரன் வலது காலாலும். நினைத்துப் பாருங்கள், எவ்வளவு சிரிப்பாக இருந்திருக்கும்! ஆனால் ஒரு வாத்தியாராக எனக்கு இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. எல்லாப் பையனும் தனக்கு வருவதைத்தான் செய்து காட்டுவான். கணக்கு வருகிறவன் கணக்கையே போட்டுக்கொண்டிருப்பான். வராததைச் செய்யச் சொல்லும்போதுதான் எவன் தவித்து நிற்கிறான், எவன் யோசிக்கிறான், எவன் பக்கத்துப் பையனைத் தேடுகிறான் என்பது தெரியும். ரஹீமின் போட்டிகள் பயிற்சியும் ஆயின, தேர்வும் ஆயின. ஒரு மைதானத்தில் இருபத்திரண்டு பையன்களை நிற்கவைத்து ஒரே மாலையில் அவர்களைப் படித்துவிடலாம். ஆளனுப்பி ஊர் ஊராகத் தேட வசதியில்லாத மனிதர், ஊரே தன் முன்னால் வந்து ஆடிக்காட்டும்படி ஏற்பாடு செய்துகொண்டார்.

இரண்டாவது காரியம், ஹைதராபாத் நகரப் போலீஸ் அணி. அதன் பயிற்சியாளரும் அவரே. பம்பாயில் நடக்கும் ரோவர்ஸ் கோப்பையை அந்த அணி 1950 முதல் 1954 வரை ஐந்து வருஷம் தொடர்ந்து வாங்கியது. டெல்லியில் நடக்கும் டூரண்ட் கோப்பையும் அந்தக் காலத்தில் நான்கு தரம் வந்தது. போலீஸ் அணி என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதில் சேர்ந்தால் வேலை. மாதச் சம்பளம். 'பந்து விளையாடி என்னடா கிழிக்கப் போறே' என்று கேட்கும் அப்பாவுக்குப் பதில் சொல்ல அந்த நாளில் அதைவிடப் பெரிய வழி கிடையாது. நம்ம பொன்மலை ரயில்வே மைதானத்தில் ஆட்டம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விளையாட்டுக் கோட்டாவில் ரயில்வே வேலை கிடைத்தால் குடும்பமே நிமிர்ந்துவிடும்.

சரி, அவர் கண்டெடுத்த ஒரு ஆளைப் பார்ப்போம். துளசிதாஸ் பலராம். தமிழ்க் குடும்பம்; செகந்திராபாத் பக்கம் அம்முகூடா என்ற ஊரில் பிறந்தவர். ஏழ்மை. முதல் பூட்ஸ், பழைய போலீஸ் பூட்ஸிலிருந்து செருப்பு தைப்பவர் ஒருவர் தைத்துக் கொடுத்ததாம். உள்ளூர் லீகில் இந்தப் பையன் ஆடுவதைப் பார்த்த ரஹீம், சந்தோஷ் கோப்பைக்கான தேர்வுக்கு வரச் சொன்னார். ஹைதராபாத்துக்கு வந்து போக வழியில்லை என்றான் பையன். வாடகை சைக்கிளுக்குக் காசு கொடுத்தார் ரஹீம். பலராம் பிற்காலத்துப் பேட்டிகளில் சொன்ன செய்தி இது.

அந்தச் சைக்கிள் வாடகைதான் என் கணக்கில் இந்தியக் கால்பந்தின் ஆகச் சிறந்த முதலீடு. பலராம் 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக் போனார். அப்போது இருபது வயது. 1960-இல் ரோமில் ஹங்கேரிக்கு எதிராக கோல் போட்டார். 1962-இல் தங்கம். கல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் அணிக்குக் கேப்டன். இப்படிப் பையன்கள் நம் வகுப்பில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்று பணியில் இருந்த ஆசிரிய நண்பர்கள் ஒரு நிமிஷம் யோசியுங்கள். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட் அட்டவணையில் இருக்கும். ஒன்றைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார். மற்றதில் பையன்கள் மைதானத்துக் கருவேலஞ்செடி பிடுங்குவார்கள். பந்து தலைமையாசிரியர் அறை பீரோவில் பத்திரமாக இருக்கும், காற்றில்லாமல்.

இன்னொருவர் பீட்டர் தங்கராஜ். அவரும் ஹைதராபாத்தில் பிறந்தவர், 1935-இல். ஆறடிக்கு மேல் உயரம். ஆரம்பத்தில் முன்வரிசையில் கோல் அடிக்கிற ஆட்டக்காரர். பிறகு கோல்கீப்பராக மாறினார். இவரை வளர்த்ததில் நம் நீலகிரிக்கும் பங்குண்டு. வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டரில் சேர்ந்து, அந்த ராணுவ அணி 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பை வாங்கியபோது கோலில் நின்றவர். கல்கத்தாவும் ஹைதராபாத்தும் கோலோச்சிய காலத்தில் குன்னூர் மலைமேல் இருந்து வந்த ஒரு அணி டெல்லிக்குப் போய்க் கோப்பையைத் தூக்கி வந்தது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ரஹீமின் வழி நேராகவே போயிற்று என்று நினைத்துவிட வேண்டாம். 1951-இல் டெல்லியில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம். மேவாலால் போட்ட கோல். அடுத்த வருஷமே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1. நம் ஆட்கள் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள், அந்தக் குளிரில். அதன் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் என்றானது. பத்து கோல் வாங்கி ஊர் திரும்பிய பயிற்சியாளரை இன்றைக்கென்றால் விமான நிலையத்திலேயே வேலையை விட்டு அனுப்பியிருப்பார்கள். அன்றைக்கு அவரை விட்டுவைத்தார்கள்.

நான்கு வருஷம் கழித்து மெல்போர்ன். போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவையே 4-2 என்று வென்றார்கள். நெவில் டிசோசா மூன்று, நான்காவது கிருஷ்ணசாமி. அரையிறுதியில் மறுபடி யூகோஸ்லாவியா, இம்முறை 4-1. பல்கேரியாவிடமும் தோற்று நான்காவது இடம். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதி வரை போன முதல் ஆசிய நாடு இந்தியா. அந்த அணியில் அஜீஸ், நூர், லத்தீப், ஜுல்பிகர், பலராம் என்று ஹைதராபாத் பையன்கள் வரிசையாக இருந்தார்கள். 'தன் ஊர்க்காரர்களையே சேர்க்கிறார்' என்று சொல்ல இடமிருந்தது உண்மைதான். நான் அதற்கு என்ன சொல்வேன் என்றால், இருபது வயதுப் பையனைப் பதினைந்து வயதிலிருந்தே பார்த்துவருகிறவருக்கு அவனைப் பற்றித் தெரியும். மற்ற ஊர்களில் அப்படிப் பார்த்துவைத்த ஆள் இல்லை. அது ரஹீம் குற்றமா?

சொந்தக்காரன் விஷயத்தில் அவர் எப்படி என்பதற்கு ரோம் ஒலிம்பிக் சாட்சி. 1960 அணியில் அவர் மகன் ஹக்கீமும் இருந்தார். மூன்று ஆட்டம். ஹங்கேரியிடம் 2-1 என்று தோல்வி, பிரான்சோடு 1-1, பெருவிடம் 3-1 தோல்வி. ஹக்கீம் ஒரு ஆட்டத்திலும் இறங்கவில்லை. வீட்டில் அன்றைக்குச் சாப்பாட்டு நேரம் எப்படிப் போயிருக்குமோ! ஹக்கீம் பின்னால் பன்னாட்டு நடுவராகவும் பயிற்சியாளராகவும் பேர் வாங்கினார்.

இனி ஜகார்த்தா. 1962 ஆகஸ்ட், செப்டம்பர். ரஹீமுக்குப் புற்றுநோய். அணியை எண்ணிப் பாருங்கள்: ஜம்ஷெட்பூரில் வளர்ந்த ரயில்வேக்காரர் பி.கே. பானர்ஜி, மோகன் பகான் சுனி கோஸ்வாமி கேப்டன், ஈஸ்ட் பெங்கால் பலராம், பஞ்சாப் ஜர்னைல் சிங், கோவாவில் பிறந்து பம்பாயில் ஆடிய பிராங்கோ, கேரளத்து இரிஞ்ஞாலக்குடா சந்திரசேகரன், ஹைதராபாத் போலீஸ் யூசுப் கான். தமிழ்ப் பெயர்கள் என்றால் தங்கராஜ், பலராம் தவிர அருமைநாயகமும் எத்திராஜும் அணியில் இருந்தார்கள். மெல்போர்னில் பாதி ஹைதராபாத்தாக இருந்த அணி ஜகார்த்தாவில் பாதி இந்தியாவாகிவிட்டது. ஒரே ஊரில் பார்த்துப் பழகிய கண்ணை நாடு முழுக்கத் திருப்பியிருந்தார் மனிதர்.

முதல் ஆட்டமே தென்கொரியாவிடம் 2-0 தோல்வி. பிறகு தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0. தாய்லாந்து ஆட்டத்தில் ஜர்னைல் சிங்குக்குத் தலை உடைந்து தையல். அவர் தடுப்பாட்டக்காரர், அதுவும் ஆசியாவிலேயே அஞ்சப்பட்டவர். தையல் போட்ட தலையோடு பின்னால் நின்று பந்தை முட்டித் தள்ள முடியாது. வேறு யாராயிருந்தாலும் உட்காரவைத்து ஓய்வு கொடுத்திருப்பார்கள். ரஹீம் அரையிறுதியில் அவரை முன்வரிசைக்குக் கொண்டுபோனார், சென்டர் ஃபார்வர்டாக! பின்னால் அருண் கோஷ். ஜர்னைல் கல்லூரி நாள்களில் முன்வரிசையில் ஆடியவர். அது ரஹீமின் மனசில் இருந்திருக்கிறது. தெற்கு வியட்நாமை 3-2 என்று ஜெயித்தோம். சுனி இரண்டு, ஜர்னைல் ஒன்று.

நடுவில் காய்ச்சலில் விழுந்திருந்தார் தங்கராஜ். கோலில் பர்மன் நின்று நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தார். ஜெயிக்கிற அணியில் கைவைக்காதே என்பார்கள் நம் ஊரில். இறுதி ஆட்டத்துக்கு ரஹீம் தங்கராஜைத் திரும்பக் கொண்டுவந்தார். எதிரே மறுபடி தென்கொரியா.

செப்டம்பர் 4. மைதானத்தில் லட்சம் பேர் என்கிறார்கள். அத்தனை பேரும் நமக்கு எதிராக. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா உள்ளே விடவில்லை. அப்படியானால் இதை ஆசிய விளையாட்டு என்று எப்படிச் சொல்வது என்று நம்மவர் ஜி.டி. சோந்தி கேட்டுவிட்டார். ஊரே கொதித்தது, இந்தியத் தூதரகத்தைத் தாக்கினார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவில் பதினேழாவது நிமிஷம் பி.கே. ஒரு கோல். மூன்று நிமிஷத்தில் இன்னொன்று. போட்டவர் தையல் தலை ஜர்னைல் சிங். கொரியா கடைசி நேரத்தில் ஒன்றைத் திருப்பியது. 2-1.

ஒன்பது மாதம். 1963 ஜூன் 11-இல் ரஹீம் இறந்துபோனார். வயது ஐம்பத்து மூன்று.

அதற்குப் பிறகு 1970-இல் பாங்காக்கில் ஒரு வெண்கலம். ரோமுக்குப் பிறகு இந்திய அணி ஒலிம்பிக் கால்பந்துக்கு இன்றுவரை தகுதி பெறவில்லை. ஒரு மனிதர் போனதும் ஒரு நாட்டின் ஆட்டமே போய்விடுமா என்று கேட்பீர்கள். ஒரு மனிதரால் மட்டும் இல்லைதான். ஜப்பானும் கொரியாவும் பின்னால் செலவழித்தார்கள், நாம் செலவழிக்கவில்லை. தொண்ணூறு நிமிஷ ஆட்டத்துக்கு நாம் தாமதமாக வந்தோம் - நம் உள்ளூர்ப் போட்டிகள் நெடுநாள் எழுபது நிமிஷம்தான். எல்லாம் உண்மை. ஆனாலும் ஒன்றைப் பாருங்கள். பையன்களைப் பார்க்கும் மைதானம், சங்கத்தின் செயலாளர் நாற்காலி, வேலை தரும் போலீஸ் அணி, நாட்டின் அணி - நான்கும் ஒரே ஆளிடம் இருந்தன. பத்து வயதில் தெருவில் ஆடுபவனுக்கும் ஒலிம்பிக்குக்கும் நடுவில் ஒரே ஒரு ஆள்தான் நின்றார். அதுவே பலம். இன்றைக்கென்றால் 'ஒருவருக்கு இத்தனை பதவியா' என்று நாமே வழக்குப் போடுவோம்; போடுவதும் சரிதான். ரஹீம் நல்லவராயிருந்ததால் அது நல்லதாயிற்று. அவர் போனதும் நான்கும் நான்கு பக்கம் போயின. அவருக்குத் தெரிந்தது நோட்டில் இல்லை, தலையில் இருந்தது. அந்தத் தலைக்கு அடுத்தவரை யாரும் தயார் செய்யவில்லை. அவருமே செய்யவில்லை என்று சொல்லத்தான் வேண்டும்; ஐம்பத்து மூன்று வயதில் போவோம் என்று யார் நினைப்பார்கள்.

அவரிடம் ஆடியவர்கள் பிற்பாடு பயிற்சியாளர்களானார்கள் என்பது ஒரு ஆறுதல். பி.கே. பானர்ஜி கல்கத்தாவில் ஒரு தலைமுறையையே உருவாக்கினார். பலராமுக்கு அவ்வளவு வாய்க்கவில்லை. நுரையீரல் கோளாறால் 1963-லேயே ஆட்டத்தை விட்டார், இருபத்தேழு வயதுகூட நிரம்பவில்லை. 2023 பிப்ரவரி 16-இல் கொல்கத்தாவில் காலமானார். அன்றைக்கு நம் தமிழ்ச் சேனல்களில் அந்தச் செய்தியைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

ரோம் அணியில் நம் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரும் இருந்தார், சைமன் சுந்தர்ராஜ். அவர் பயிற்சியாளராகி 1973-இல் கேரளத்துக்கு முதல் சந்தோஷ் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். மலையாளிகள் இன்றும் அவர் பேரைச் சொல்வார்கள். அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அடுத்த வாரம் எழுதுகிறேன். புத்தூர், உறையூர் பக்கம் பழைய கால்பந்து ஆட்டக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், அவர் ஆட்டத்தையோ பயிற்சியையோ நேரில் பார்த்திருந்தால், கீழே இரண்டு வரி எழுதிவையுங்கள்.